கல்லீரல் வரை வந்துவிட்ட எச்எச்டி: மாத்திரையா, ஊசி மருந்தா, மாற்று அறுவையா?

சிறுவயதிலிருந்தே அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான், அப்பாவின் தாயாருக்கும் அப்படித்தான். உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். பரம்பரை இரத்தக்கசிவு நுண்குழாய் விரிவு நோய் என்ற நீண்ட பெயரை மருத்துவர்கள் எச்எச்டி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பிரான்சில் ராந்து 1896இலும், ஓஸ்லர் 1901இலும், இங்கிலாந்தில் வெபர் 1907இலும் இதை விவரித்ததால் அம்மூவர் பெயராலும் இது வழங்குகிறது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய். மூக்கோடு நின்றுவிட்டால் தொல்லையோடு வாழப் பழகிக்கொள்கிறார்கள். ஐம்பதை நெருங்கும்போது மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, வயிறு உப்புகிறது என்று போய் ஸ்கேன் எடுத்தால், கல்லீரலுக்குள் இரத்தக்குழாய்கள் தாறுமாறாக விரிந்து பின்னிக் கிடப்பது தெரியவருகிறது.

அங்கிருந்து குடும்பத்துக்குக் கடினமான நாட்கள். ஒரு மருத்துவர் மாத்திரை போதும் என்கிறார். இன்னொருவர் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஊசி மருந்து ஒன்று இருக்கிறது என்கிறார். மற்றொருவர் கல்லீரலையே மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார். குழாயை அடைத்துவிடலாம் என்று சொல்பவரும் உண்டு. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கல்லீரலுக்குள் இரத்தம் எந்த வழியில் குறுக்கே பாய்கிறது, அதனால் எந்த உறுப்பு இப்போது அடி வாங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தெரிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடியும். அந்த வரிசையை மாற்றுவதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று குறுக்குவழிகள்

தமனியிலிருந்து சிரைக்குப் போகும் இரத்தம் இடையில் மெல்லிய தந்துகிகளைக் கடக்க வேண்டும். எச்எச்டியில் சில இடங்களில் அந்தத் தந்துகி வலையே இல்லாமல் தமனியும் சிரையும் நேரே இணைந்துவிடுகின்றன. எண்டோகிளின், ஏசிவிஆர்எல்1 என்ற இரு மரபணுக்களில் ஒன்றின் பழுதே பெரும்பாலோருக்குக் காரணம். சிறு பகுதியினருக்கு எஸ்மாட்4 மரபணு. கல்லீரல் பாதிப்பு ஏசிவிஆர்எல்1 பழுதுள்ள குடும்பங்களில் அதிகம்.

கல்லீரலுக்கு இரத்தம் வரும் வழிகள் இரண்டு: இதயத்திலிருந்து வரும் கல்லீரல் தமனி, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை. வெளியேறும் வழி கல்லீரல் சிரை. ஆகவே குறுக்குவழி மூன்று விதமாக அமையலாம்.

தமனி நேரே கல்லீரல் சிரையில் கலந்தால், இரத்தம் வேலை எதுவும் செய்யாமல் இதயத்துக்கே திரும்பிவிடுகிறது. உடலின் தேவைக்கும் மேலே இந்தச் சுற்றுக்கும் சேர்த்து இதயம் இறைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படி இறைத்துக் களைத்துப்போவதுதான் மிகை வெளியேற்ற இதயச் செயலிழப்பு. கல்லீரல் சிக்கல்களில் அதிகம் காணப்படுவது இதுவே. தமனி போர்ட்டல் சிரையில் கலந்தால் அங்கே அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோப்பதும் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து இரத்த வாந்தி வருவதும் நேரலாம். போர்ட்டல் சிரை நேரே கல்லீரல் சிரையில் கலந்தால் குடலிலிருந்து வரும் நச்சுப்பொருட்கள் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய் மனக்குழப்பம் உண்டாகலாம். ஒருவருக்கே மூன்றும் வெவ்வேறு அளவில் இருப்பது உண்டு.

நான்காவதாக ஒரு சிக்கல் இருக்கிறது. அரிதானது, ஆனால் மிகக் கொடியது. கல்லீரல் திசுவுக்கு இரண்டு வழிகளிலும் இரத்தம் கிடைக்கிறது. பித்தக்குழாய்களோ தமனி ஒன்றையே நம்பியிருக்கின்றன. குறுக்குவழி தமனி இரத்தத்தைக் களவாடிக்கொண்டால் பித்தக்குழாய் பட்டினியில் அழுகத் தொடங்குகிறது. வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை, இரத்தத்தில் கிருமித் தொற்று என்று வேகமாகப் போகும்.

இத்தனைக்கும் நடுவில் கல்லீரலின் சொந்த வேலைத்திறன் பெரும்பாலும் கெடுவதில்லை. அல்புமின், இரத்தம் உறையும் நேரம் எல்லாம் சரியாகவே இருக்கும். அல்கலைன் பாஸ்படேஸ், ஜிஜிடி என்ற இரு நொதிகள் மட்டும் ஏறியிருக்கும். ஆனால் ஸ்கேனில் கல்லீரல் முடிச்சு முடிச்சாகத் தெரிவதால், மது தொடாதவருக்கும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் வடுப்பட்டு இறுகும் நோய், என்று எழுதிவிடுகிறார்கள். கட்டி போலத் தெரியும் இடங்களும் இருக்கலாம். எச்எச்டி நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் அவை பெரும்பாலும் தீங்கற்ற திசுப் பெருக்கங்கள். இந்தச் சூழ்நிலையில்தான் பயாப்சி, அதாவது திசுவைச் சிறிது எடுத்துச் சோதித்தல், என்ற சொல் வருகிறது. எச்எச்டி இருக்கிறது என்றோ இருக்கலாம் என்றோ தெரிந்தால் கல்லீரலில் ஊசி குத்திப் பயாப்சி எடுக்கக் கூடாது. பன்னாட்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. டாப்ளர் ஸ்கேன், மூன்று கட்டங்களாகப் படமெடுக்கும் சிடி, எம்ஆர்ஐ ஆகியவற்றில் ஒன்று போதும். விரிந்து தடித்த கல்லீரல் தமனியே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றும் செய்யாதிருத்தல்

இதையும் ஒரு தெரிவாகவே வைக்கிறேன், ஏனெனில் பெரும்பாலோருக்கு இதுதான் சரி. எச்எச்டி உள்ள பெரியவர்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் கல்லீரலில் ஏதோ ஒரு குழாய்க் கோளாறு தென்படும். ஆனால் அதனால் உடல்நலம் கெடுவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்களில் பெண்களே மிக அதிகம். ஸ்கேனில் இருக்கிறது, உடம்பில் தொல்லை இல்லை என்றால் குழாயை நோக்கி எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. அப்படியானால் ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். 2020இல் வெளியான இரண்டாம் பன்னாட்டு வழிகாட்டுதல், தொல்லை இல்லாத பெரியவர்களுக்கும் கல்லீரல் சோதனையை முன்வைக்கச் சொல்கிறது. பிற்காலத்தில் மூச்சுத்திணறல் வரும்போது ஆஸ்துமா என்றும், வயிறு வீங்கும்போது சிரோசிஸ் என்றும் வழிதவறாமலிருக்க அந்த ஒரு தாள் கையில் இருப்பது பெரிய உதவி. அத்துடன் இதயத்தின் எக்கோவும் எடுத்துவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளும் இரும்புச்சத்தும்

தொல்லை தொடங்கிவிட்டால் முதல் படி இதுதான். உப்பைக் குறைத்தல், நீர் பிரியும் மாத்திரை, தேவைப்பட்டால் இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான், இதயத்துடிப்பு தாறுமாறானால் அதற்கான மருந்து. போர்ட்டல் அழுத்தம் ஏறியிருந்தால் சிரோசிஸ் நோயாளிக்குச் செய்வதைப் போலவே: புடைத்த சிரைக்கு எண்டோஸ்கோப்பி வழியே வளையம் போடுதல், நீர் கோத்தால் நீர் மாத்திரை, மனக்குழப்பத்துக்கு லாக்டுலோஸ். இவையெல்லாம் பழைய, மலிவான மருந்துகள். அதனாலேயே இவற்றை இடைக்கால ஏற்பாடு என்று நினைத்து, அடுத்த பெரிய சிகிச்சை எப்போது என்று குடும்பங்கள் பரபரக்கின்றன. இத்தாலியில் கல்லீரல் பாதிப்புள்ள 154 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிக்கல் வந்து முறையாக மருந்து பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்கு முழுப் பலன் கிடைத்தது. மூவரில் ஏறத்தாழ இருவருக்கு மருந்தே போதுமானதாக இருந்திருக்கிறது.

இங்கே இரத்தசோகையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மிகையாக இறைக்கும் இதயத்துக்கு, ஹீமோகுளோபின் 7 ஆக இருந்தால் என்ன ஆகும்? அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இன்னும் அதிகமாக இறைக்க வேண்டும். மூக்கிலும் குடலிலும் தினமும் கசிந்து இரும்புச்சத்து வற்றிப்போனவரின் இதயம் துவள்வதற்குக் கல்லீரலும் இரத்தசோகையும் சேர்ந்தே காரணம். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, மாத்திரை போதாவிட்டால் சிரை வழியே இரும்புச்சத்து ஏற்றி, மூக்குக் கசிவைக் கட்டுப்படுத்தினாலே சிலருக்கு மூச்சுத்திணறல் கணிசமாகக் குறையும். ஹீமோகுளோபினைச் சரிசெய்யாமல் ஒருவரை மாற்று அறுவைக்கு உரியவர் என்று முடிவுகட்டுவது முறையல்ல. குடும்பத்தினர் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

சிரை வழியே எது ஏற்றினாலும் ஓர் எச்சரிக்கை. எச்எச்டியில் நுரையீரலிலும் இத்தகைய குறுக்குவழி இருக்கலாம்; ஏற்றும் குழாயில் சிறு காற்றுக்குமிழி புகுந்தாலும் நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியலாம். ஆகவே நுரையீரல் சோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும். குறுக்குவழி இருந்தால் காற்று வடிகட்டி பொருத்திய குழாயில்தான் ஏற்ற வேண்டும்.

பெவாசிசுமாப்

குழாய்கள் புதிதாக முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்து இது. கட்டிக்கு இரத்தம் போகாமல் செய்வதற்காகப் புற்றுநோய்க்கு உருவாக்கப்பட்டது. எச்எச்டியிலும் அதே புரதம் மிகையாக இருப்பதால் பயன்படக்கூடும் என்று பார்த்தார்கள். 2008இல், மாற்று அறுவைக்காகக் காத்திருந்த ஒருவருக்கு இந்த மருந்துக்குப் பிறகு அறுவையே தேவைப்படாமல் போனது மருத்துவ இதழில் வெளியானது. 2012இல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் இன்றும் அடிப்படை. கல்லீரல் பாதிப்பால் இதயம் மிகையாக இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை கொடுத்தார்கள். மதிப்பிட முடிந்த 24 பேரில் 3 பேருக்கு இதய வெளியேற்றம், அதாவது இதயம் நிமிடத்துக்கு இறைக்கும் இரத்த அளவு, இயல்புக்குத் திரும்பியது. 17 பேருக்குக் குறைந்தது. 4 பேருக்குப் பலனில்லை. உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு 5.05 லிட்டராக இருந்த இதய வெளியேற்றத்தின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் 4.2 ஆனது. மாதத்துக்குச் சராசரியாக 221 நிமிடம் வடிந்துகொண்டிருந்த மூக்கு இரத்தம் ஆறு மாதத்தில் 43 நிமிடமாகக் குறைந்தது. இதய பாரமும் கசிவும் ஒருசேரக் குறைவதால்தான் இந்த மருந்து எச்எச்டிக்கு இத்தனை பொருத்தமாக இருக்கிறது.

சிறிய ஆய்வு, ஒப்பிட மருந்தில்லாக் குழுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே விரிந்துவிட்ட பெரிய குழாய்களை மருந்து அழித்துவிடுவதில்லை. ஆறு தடவை முடிந்தபின் காலப்போக்கில் பலன் தேய்வதும், மீண்டும் கொடுக்க நேர்வதும் உண்டு. இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், இரத்தக்கட்டு உண்டாகலாம், புண் ஆறத் தாமதமாகலாம். கருவுற்றிருப்பவர்களுக்குக் கூடாது, கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் கருத்தடை அவசியம். புற்றுநோய்க்கென அனுமதி பெற்ற மருந்தாகையால், இந்த நோய்க்குக் கொடுக்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நல்லது. இந்திய நிறுவனங்களும் இதற்கு இணையான மருந்தைத் தயாரிப்பதால் அசல் மருந்தின் விலையை மட்டும் கேட்டு மலைத்து ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

2020 வழிகாட்டுதல் இதற்கு வகுத்த இடம் தெளிவானது: இதயச் செயலிழப்பு வந்து, முதல்படி மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களுக்கு. பித்தக்குழாய் அழுகத் தொடங்கியவருக்கு மூன்று மாதம் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பது வேறு கதை. அந்த மூன்று மாதம் அவருக்கு இல்லாமலே போகலாம்.

மாற்று அறுவை

கோளாறான குழாய்களைக் கல்லீரலோடு சேர்த்தே அகற்றிவிடும் ஒரே வழி இது. ஐரோப்பியப் பதிவேட்டிலிருந்து 2006இல் வெளியான கணக்கில், எச்எச்டிக்காகக் கல்லீரல் மாற்றப்பட்ட 40 பேரில் பத்தாண்டு உயிர்வாழ்வு 82.5 சதவீதம். மற்ற கல்லீரல் நோய்களுக்கான மாற்று அறுவையோடு ஒப்பிட்டாலும் இது நல்ல அளவே. பித்தக்குழாய் அழுகல், மருந்துக்கும் ஊசிக்கும் அடங்காத இதயச் செயலிழப்பு, கட்டுப்படாத போர்ட்டல் அழுத்தம் ஆகியவற்றுக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை. முதலாவதுக்கு இது ஒன்றே நம்பிக்கை தரும் வழி.

என்றாலும் நோயின் மரபணு உடலெங்கும் இருக்கிறது. லியோனில் அறுவை செய்துகொண்டவர்களைப் பல்லாண்டுகள் கவனித்தபோது, புதிய கல்லீரலிலும் குழாய்க் கோளாறு மீண்டும் தோன்றியது. 15 ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அது மெல்ல வருவது. ஐம்பது வயதில் அறுவைக்குப் போகிறவர் இதை எண்ணித் தயங்க வேண்டாம் என்பேன். முப்பது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு முக்கியம். முடிந்தவரை மருந்தால் காலத்தைத் தள்ளிப்போட அவருக்கு வலுவான காரணம் இருக்கிறது.

அறுவைக்கு முன் வலது இதயத்துக்குள் குழாய் செலுத்தி நுரையீரல் அழுத்தத்தை நேரடியாக அளக்க வேண்டும். இதயம் மிகையாக இறைப்பதால் ஏறிய அழுத்தம் கல்லீரல் மாறினால் இறங்கிவிடும். நுரையீரல் தமனிகளே இறுகிப்போனதால் ஏறிய அழுத்தம் அப்படி இறங்காது; அது கடுமையாக இருந்தால் அறுவை மேசையிலேயே உயிருக்கு ஆபத்து. ஏசிவிஆர்எல்1 பழுதுள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது வகையும் வரக்கூடும். எக்கோவால் மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை, பிலிருபின், உறையும் நேரம், கிரியாட்டினின் ஆகியவற்றிலிருந்து கணக்கிடும் மதிப்பெண்ணை வைத்து அமைகிறது. எச்எச்டிக்காரருக்கு இவை இயல்பாக இருப்பதால், படுக்கையில் கிடந்தாலும் மதிப்பெண் குறைவாகவே வரும். விதிவிலக்கு கேட்டு மருத்துவக் குழு தனியே எழுத வேண்டும். அதனால் இந்தியாவில் இந்தப் பேச்சு விரைவிலேயே உறவினர் கொடைக்கு வந்து நிற்கிறது. அங்கே கவனம் தேவை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆகவே கொடுக்க முன்வரும் மகன், மகள், உடன்பிறந்தார் எல்லோரும் அதே நோயைச் சுமந்துகொண்டிருக்கக் கூடும். மூக்கில் இரத்தம் வந்ததில்லை என்பது போதிய சான்றாகாது. நோயாளியின் மரபணுப் பழுதைக் கண்டறிந்து, கொடையாளியிடம் அதே பழுது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். வாழ்க்கைத்துணை கொடுக்க முன்வந்தால் இந்தக் கவலை பொதுவாக இல்லை. நம்மிடம் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டுவது வழக்கமாதலால், சொந்தத்தில் மணந்த தம்பதியில் துணைக்கும் அதே சோதனை அவசியம்.

குழாயை அடைத்தல்

நுரையீரல் குறுக்குவழிகளை உலோகச் சுருள் வைத்து அடைப்பது நல்ல, நிலைபெற்ற சிகிச்சை. அதைக் கேள்விப்பட்டவர்கள் கல்லீரலுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். கல்லீரலில் கோளாறு உறுப்பு முழுவதும் பரவியிருக்கிறது. தமனியை அடைத்தால் பட்டினியில் இருக்கும் பித்தக்குழாய்க்கு மிச்சமிருந்த இரத்தமும் நின்றுபோகும். கல்லீரலும் பித்தக்குழாயும் அழுகி அவசர மாற்று அறுவையிலோ மரணத்திலோ முடிந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கிடைக்கும் பலனும் பலருக்கு நிலைப்பதில்லை. வேறு எந்த வழியும் இல்லாத ஒருவருக்கு, இதில் தனி அனுபவமுள்ள மையம் யோசித்துச் செய்வது தவிர, இதை நான் தெரிவுகளில் ஒன்றாகவே எண்ண மாட்டேன். பித்தக்குழாயில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அறவே கூடாது. போர்ட்டல் அழுத்தத்தைத் தணிக்கக் கல்லீரலுக்குள் புதுப்பாதை அமைக்கும் சிகிச்சையும் ஏற்கெனவே திணறும் இதயத்தின் சுமையைக் கூட்டும் என்பதால் யோசித்தே செய்ய வேண்டியது.

ஊசியும் அறுவையும் எதிரெதிரே நிற்கும்போது

கடினமான தேர்வு இதயச் செயலிழப்பில்தான் வருகிறது. மாத்திரை, இரும்புச்சத்து, துடிப்புக்கான மருந்து எல்லாம் முறையாகக் கொடுத்தும் மூச்சுத்திணறல் நீடிக்கிறது. அடுத்தது பெவாசிசுமாபா, மாற்று அறுவையா? பித்தக்குழாய் நன்றாக இருந்தால் ஊசியை முதலில் முயல்வதே சரி என்று நினைக்கிறேன். மூன்று மாதத்தில் எக்கோ எடுத்தால் பலன் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும், பலனில்லாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அறுவையை அப்படித் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஊசி தொடங்கும் அதே வாரத்தில் மாற்று அறுவைக் குழுவையும் பார்த்துவிட வேண்டும். ஊசி தோற்றபின் முதல்முறையாக அவர்களிடம் போனால் சோதனைகளுக்கே மாதங்கள் கழியும், இதயமும் அதற்குள் மேலும் தளர்ந்துவிடும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது ஒரு முரண் எழுகிறது. பெவாசிசுமாப் புண் ஆறுவதைக் கெடுப்பதால், திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது 28 நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குக் காத்திருப்பவருக்கு அழைப்பு எந்த இரவில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று ஊசி போட்டவருக்கு இன்று அழைப்பு வந்தால், புதிய கல்லீரலின் தமனித் தையல் ஆறுமா என்ற அச்சத்தோடு முடிவெடுக்க நேரும். உயிருள்ள கொடையாளி இருந்தால் நாள் குறிக்க முடியும், இடைவெளியும் கிடைக்கும். ஆகவே பட்டியலில் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது, கொடையாளி யார் என்பதைப் பொறுத்தே ஊசியை எதுவரை தொடர்வது என்று தீர்மானிக்க வேண்டும். அந்தப் பேச்சில் கல்லீரல் மருத்துவரோடு இதய மருத்துவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எச்எச்டி நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஒரு மையத்தின் கருத்தையும், நேரில் முடியாவிட்டால் காணொளி வழியாகவாவது, பெற்றுவிட வேண்டும்.